பஜார் கானும் நான் படிக்காத பக்கமும்

எங்கள் ஊர் பஜார் தெருவோரம் மழைத்தண்ணீர் ஓடும் கருங்கல் கானைக் கட்டியவர் என் அப்பா. தோட்டத்து மேசன். உள்ளூர்ச் சபை வேலையைக் கொடுத்தது. முடிந்ததும் காசு என்றது. அதை நம்பி, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்.

கான் முடிந்தது. காசு வருவதற்குள் சட்டம் மாறிவிட்டது. பழைய சட்டங்களை எல்லாம் ஒன்றாகத் தொகுத்துப் புதிதாக ஒன்று கொண்டுவந்தார்கள். பழைய சபை கலைந்து, அதே கட்டடத்தில் புதிய சபை வந்து உட்கார்ந்தது.

"அது பழைய சபையோட கடன். எங்கள கேட்டா எப்படி?" என்றார் அங்கிருந்த கிளாக்கர்.

அம்மாவின் பசுவை விற்று ஐந்து பேருக்கு அப்பா கூலி கொடுத்தார். பூண்டுலோயாவிலிருந்து வந்தவர் பசுவை ஓட்டிக்கொண்டு போனபோது அம்மா வெளியே வரவே இல்லை. ஆறாவது ஆள், எங்கள் லயத்துக் கடைசி வீட்டு மாமா. அவருக்கு மட்டும் கொடுக்க முடியவில்லை. "சபைக் காச வாங்கி சாப்பிட்டுட்டு கத விடுறான்" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவர் சொன்னது அப்பாவின் காதுக்கு வந்தது. அதற்குப் பிறகு அப்பாவுக்குக் காசு பெரிதாக இல்லை. 'ஆமாம், கொடுக்க வேண்டியிருக்கிறது' என்று சபை ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தார்.

ஒருநாள் எங்கிருந்தோ அந்தச் சட்டப் புத்தகத்தை வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். நான் கொட்டகலையில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் வாசிப்பவள் நான்தான். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்? முதல் பக்கங்களில் நீக்கப்பட்ட பழைய சட்டங்களின் பட்டியல் இருந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று மூடிவிட்டேன். சட்டம் சோறில்லை என்று அப்போது யார் எனக்குச் சொல்வது?

"பழைய சட்டத்தயே இல்லாம ஆக்கிட்டாங்கப்பா. அந்தக் கடன இனி கேக்க முடியாது."

"கடைசி வரைக்கும் படிச்சியாம்மா?"

"படிச்சேன்" என்றேன்.

அப்பா அதன் பிறகு சபைப் பக்கம் போகவில்லை. கடைசி வீட்டு மாமா எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். அப்படியே போய்ச் சேர்ந்தார்.

இன்று நானும் ஒரு கந்தோரில் கிளாக்கர். போன மாதம் வேறொரு தேவைக்காக அதே சட்டத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது: நீக்கப்பட்ட சட்டங்களின் கீழ் பழைய சபை பட்ட கடன்கள் எல்லாம் புதிய சபையின் கடன்களாகவே தொடரும். அப்பா அத்தனை நாள் கேட்டு நடந்தது அந்த இரண்டு வரியைத்தான். மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். பக்கத்து மேசைக்காரி காய்ச்சலா என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரதி எடுத்துக்கொண்டு அந்த மாமாவிடம் போனேன். அவருக்கு இப்போது காது மந்தம். அப்பா பொய் சொல்லவில்லை என்று அவர் அறிய வேண்டும். அதனால் உரக்க வாசித்தேன்.

மாமா பிரதியை வாங்கி மடித்தார். "ஒங்கப்பா அன்னைக்கே வந்து சொன்னாரும்மா. 'எம் மக கடைசி வரைக்கும் படிச்சிட்டா, இனி கெடைக்காது. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்'னாரு. நாந்தான் நம்பல."

"நா படிக்கலங்க மாமா" என்றேன்.

"என்னம்மா?" என்று காதை என் பக்கம் திருப்பினார்.

உரக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.