கோதண்டத்தின் இடது காது

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் பி.ஏ. தேறியவன் நான் ஒருவன்தான். தேறி இரண்டு வருஷமாகிறது. வியாபாரமெல்லாம் படுத்துக் கிடந்த 1932-ஆம் வருஷம். மூன்று கம்பெனிகளில் இன்டர்வியூவுக்குப் போய் மூன்றிலும் வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். அப்படிப்பட்டவனிடம்தான் எதிர்வீட்டுக் கோதண்டம், இன்டர்வியூவில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்க வந்தார்.

"தம்பி மூணு தபா போயி வந்தவரு. அவருக்குத் தெரியாததா?" என்றார் மனைவியிடம்.

"போயி வந்தாரு, சரி. வேல குடுத்தாங்களா?" என்றாள் சொக்கம்மாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கோதண்டம் பன்னிரண்டு வயதில் ராயபுரத்தில் கரிக்கூடை சுமக்க ஆரம்பித்தவர். கடைசி ஒன்பது வருஷமாக ஒரு மரக்கிடங்கில் நீராவி கிரேனுக்குக் கரி போடும் ஃபயர்மேன். தேக்குக் கட்டைகளைத் தூக்கி ரயில் வண்டியில் வைக்கும் கிரேன் அது. டிரைவர் சாப்பிடப் போகும் நேரங்களில் ஓட்டிப் பழகியிருந்தார். இப்போது டிரைவர் பார்வை மங்கி விலகிவிட்டார். அந்த இடத்துக்குக் கோதண்டமும், துறைமுகத்தில் வேலை பார்த்த வேலப்பன் என்பவரும் மனுப் போடுவதாக இருந்தது. வேலப்பன் வந்தால் தன் மச்சானையே ஃபயர்மேனாக வைத்துக்கொள்வார் என்று பேச்சு. அதாவது, டிரைவர் வேலை கிடைக்காவிட்டால் கோதண்டத்துக்குக் கரி போடும் வேலையும் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொன்னார். கொதிகலனை ஒட்டி நின்று நின்று இடது காது செத்துவிட்டது. கிடங்கில் யாருக்கும் தெரியாது.

மனுவை நான்தான் இங்கிலீஷில் எழுதினேன். 'பூரண தேக ஆரோக்கியம் உள்ளவர்' என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு எழுதிவிட்டேன்.

ஒரு வாரம் பயிற்சி. அவர் "குட் மார்னிங் சார்" என்றால் தெருக்கோடியில் படுத்திருக்கும் நாய் எழுந்துவிடும். குரலைத் தணிக்கச் சொன்னேன். துரை, அதாவது வெள்ளைக்கார மானேஜர், எப்போதும் வலது பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளச் சொன்னேன். துரையைக் கண்டதும் எந்த வேலையானாலும் விட்டுவிட்டுச் சலாம் போட வேண்டும் என்று பல தடவை சொன்னேன். நான் துரையாகி அவரைச் சுற்றி நடப்பேன். அவர் வலது காதைக் கொடுத்தபடி நின்ற இடத்திலேயே திரும்புவார்.

"இன்னாயா இது, செக்கு மாடு மாதிரி" என்றாள் சொக்கம்மாள்.

"நீ சும்மா இரு. எனுக்கே பேஜாரா கீது."

எனக்கும்தான். நானே தோற்ற பாடத்தை இவருக்கு எந்தத் தைரியத்தில் சொல்லிக்கொடுக்கிறேன் என்ற கேள்வி அந்த வாரம் முழுக்க என்னை விடவில்லை.

வியாழக்கிழமை காலை கிடங்கு வேலிக்கு வெளியே போய் நின்றேன். துரையோடு பேச்சு நல்லபடியாகவே முடிந்ததாம். அடுத்தது ஓட்டிக் காட்டுவது. முதலில் வேலப்பன். கட்டை அந்தரத்தில் இருந்தபோது துரை கிரேன் ஏணியில் ஏறிப் பின்னாலிருந்து கூப்பிட்டார். வேலப்பன் சட்டென்று திரும்பிச் சலாம் போட்டார். கட்டை ஒரு முழம் சரிந்து ஆடியது. கீழே நின்று கையால் சைகை காட்டிக்கொண்டிருந்த மஜீது பாய் பின்னால் தாவினார்.

நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் வேலப்பன் செய்தார். கொட்டகைக்குள் காத்திருந்த கோதண்டம் இதைப் பார்க்கவில்லை. ஓடிப்போய்ச் சொல்லலாமென்றால் காவல்காரன் என்னை உள்ளே விடவில்லை.

கோதண்டம் ஏறினார். கண் மஜீது பாயின் கையிலேயே இருந்தது. கட்டை எழும்பியது. துரை மறுபடி ஏணியில் ஏறி இடது பக்கமாக நின்று கூப்பிட்டார். கோதண்டம் திரும்பவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. வேலி வரை எனக்குக் கேட்டது. கட்டை ரயில் வண்டியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் துரையைப் பார்த்தார். பதறி எழுந்து சலாம் போட்டார்.

துரை சொன்னதைத் தலைமைக் குமாஸ்தா தமிழில் சொன்னார்: "பாரம் தொங்கறச்சே யார் கூப்பிட்டாலும் திரும்பாதவன்தான் வேணுமாம். திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கோ."

திரும்பும் வழியில் மார்க்கெட் வந்ததும் கோதண்டம் கேட்டார்.

"தொர கூப்ட்டாரா?"

"மூணு தரம்."

"வுயவே இல்ல தம்பி. காதுல வுயுந்திருந்தா நீ சொன்னாப்பல சலாம் போட்டிருப்பேன்." நடையை நிறுத்தி, "போயி தொரகிட்ட சொல்லிடட்டுமா?" என்றார்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒருநாள் இடது பக்கமிருந்து யாராவது 'நிறுத்து' என்று கத்துவார்கள். படித்தவன் என்று என்னிடம் கேட்டார்.

வீட்டில் சொக்கம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கட்டைக்குக் கீய நிக்கறது தொரயா, பாயா? பாய போயி கேளு."

மாலையில் வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். கோதண்டம் காதைப் பற்றிச் சொன்னதை மஜீது பாய் வாசலில் நின்று வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டார்.

"ஒம்பது வருசமா தெரியும் மாமு. அந்தப் பக்கமா நின்னு மூக்குப்பொடி கேட்டா நீ திரும்பறதே இல்ல. கருமின்னு நெனச்சேன். அப்பறம்தான் புரிஞ்சிது."

"தெரிஞ்சுமா கீய நின்னே?"

"இன்னிக்கு என்னைச் சாவடிக்கப் பாத்தவனுக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்குது."

கோதண்டம் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு. புதுசா வர்ற ஃபயர்மேன் உன் இடது பக்கம் நிக்கணும். யாரு கத்தினாலும் உன் தோளைத் தட்டணும். ஏன்னு நீயே அவன்கிட்ட சொல்லணும். அதுவரைக்கும் கட்டைக்குக் கீய நான் வரமாட்டேன்."

"அவன் வெளிய சொல்லிட்டா?"

"அது உன் பாடு. தெரியாதவன் நின்னா அது என் உசுரு."

கோதண்டம் தலையாட்டினார்.

திங்கட்கிழமை, கரி போட வந்த அப்பாவு என்பவனிடம் சொல்லிவிட்டார். அவன் "சரிண்ணே" என்றானாம், அவ்வளவுதான். ஐந்து மாதமாகிறது. அப்பாவு தோளைத் தட்டுகிறான். வெளியே சொல்லவில்லை. சொல்லமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெயர்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.