ஏழரையாம் அறை

அந்த ஆஸ்பத்திரியின் மென்பொருளைப் பதினொரு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அன்று காலை நிரல்மொழியைப் புதிய பதிப்புக்கு மாற்றியதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் பயந்தபடியே நர்ஸிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, பதினஞ்சாம் டோக்கனுக்கு ரூம் நம்பர் ஏழரைன்னு வருது. 'எனக்கு ஏற்கெனவே ஏழரை, இது வேறயா'ன்னு பெரியவர் கிளம்பிட்டாரு!"

அறைக்கு இரண்டு டோக்கன். வகுத்தால் மிஞ்சும் அரையைப் பழைய பதிப்பு தானே வெட்டிவிடும், புதியது வெட்டாது. வகுத்தல் குறியோடு இன்னொரு கோடு சேர்த்து அரையை வெட்டச் சொன்னதும் சரியாயிற்று.

மனம்தான் அடங்கவில்லை. வகுத்தல் வரும் வரிகளையெல்லாம் தேடினாள். நர்ஸுகளின் பதினைந்து நாள் விடுப்பை இரண்டு அரையாண்டுக்குப் பிரிக்கும் இடத்தில் கை நின்றது. அங்கே இத்தனை வருடமும் அரை வெட்டுப்பட்டதே தவறு. உடனே நர்ஸை அழைத்தாள்.

"வருஷத்துக்கு ஒரு நாள் உங்க லீவு என்னால போயிருக்கும்மா."

"எத்தனை வருஷமாக்கா?"

அவள் சொன்னாள். "அப்போ ஏழரை பெரியவருக்கு இல்ல, எனக்குத்தான்க்கா!" என்றாள் நர்ஸ்.