சங்கு ஊதியும் கீழே வைக்காத பந்து

எங்கள் தோட்டத்துக் கால்பந்து அணிக்குப் பதினான்கு வருடமாக நான்தான் கோல் கீப்பர். கெட்டிக்காரன் என்பதால் இல்லை. அந்த இடத்துக்கு வேறு எவனும் வர மாட்டேன் என்றான். "ஓட வேணாம் அண்ணே, சும்மா நின்னா போதும்" என்று சொல்லித்தான் என்னை நிறுத்தினார்கள். கோபக்காரன் என்று பெயர் வாங்கியதும் அங்கே நின்றுதான். முன்னால் பத்துப் பேர் அடிக்கிற கூத்து முழுவதையும் பின்னால் நின்று பார்க்கிறவன் நான் ஒருத்தன்தானே! வாயை மூடிக்கொண்டு எப்படி இருப்பது?

கேகாலை மாவட்டத்தில், அரநாயக்கவுக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். பாதி தேயிலை, பாதி ரப்பர். முதலில் காடு வெட்டிய வெள்ளைக்காரன் ஸ்கொட்லாந்துக்காரனாம். தன் ஊர்ப் பெயரையே தோட்டத்துக்கு வைத்துவிட்டுப் போய்விட்டான். எங்கள் சென்டர் போர்வர்ட், ரப்பர் பால் வெட்டுகிற பையன், ஒருநாள் போனில் தேடிப் பார்த்து அந்த ஊருக்கும் ஒரு கால்பந்து அணி இருக்கிறது என்று கண்டுபிடித்தான். அவர்களும் கடைசிப் பிரிவு, நாங்களும் எங்கள் மாவட்ட லீக்கில் கடைசிப் பிரிவு. அன்றிலிருந்து அவர்கள் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். நாங்கள் தோற்ற சனிக்கிழமைகளில் அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்போம். பெரும்பாலும் அவர்களும் தோற்றிருப்பார்கள். மனசு கொஞ்சம் ஆறும்.

இப்படியே தோற்றுக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்போம், கறுவாப் பட்டை வராமல் இருந்திருந்தால்.

போன வருடம் சீசன் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் தோட்ட மேனேஜர், எங்கள் பெரிய துரை, எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். சிங்கள ஆள்தான், ஆனால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். வளைத்துப் பேசுகிற பழக்கம் கிடையாது. "கம்பனி கேக்குது, சும்மா கெடக்குற நெலத்துல கறுவா வைக்கச் சொல்லி. கிரவுண்டத்தான் காட்டுறாங்க. நீங்க இந்த தடவ ரெண்டாம் பிரிவுக்கு ஏறிட்டீங்கன்னா, சொந்த கிரவுண்ட் வேணும்னு லீக்கே கேக்கும். அத வச்சு நான் கம்பனிகிட்ட கடிதம் வாங்கித் தர்றேன். ஏறலன்னா நான் ஒண்ணும் செய்ய ஏலாது" என்றார்.

சும்மா கிடக்கிற நிலமாம்! எங்கள் மலையில் நிமிர்ந்து நிற்கக்கூடிய சமதரை அது ஒன்றுதான். கல்யாணப் பந்தல் அங்கே. காமன் கூத்து அங்கே. மழை எச்சரிக்கை வந்தால் மேல் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் பிள்ளை குட்டிகளோடு இறங்கி வந்து நிற்பதும் அங்கேதான். பக்கத்து மலை சரிந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். அந்தத் தரை எங்களுக்கு என்ன என்று கம்பனிக்காரனுக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரமே லொறியில் கறுவாக் கன்றுகள் வந்து இறங்கின. கறுப்புப் பைகளில், பெட்டி பெட்டியாக. வைக்க வேறு இடம் இல்லையென்று என் கோலுக்குப் பின்னாலேயே வரிசையாக அடுக்கினார்கள். பந்து பின்னால் போனால் கன்றை மிதிக்காமல் எடுக்க வேண்டும். மிதித்தால் சுப்பவைசர் கத்துவார். சீசன் முழுக்க அவற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் நான் விளையாடினேன்.

முதல் ஆட்டம் எங்கள் கிரவுண்டில். மாவனல்லைப் பக்கத்து பஜார் அணியோடு. கடைக்காரப் பையன்கள், நல்ல சப்பாத்து, நல்ல ஜேர்சி. ஆனாலும் எழுபது நிமிடத்துக்கு மேல் ஒரு கோலும் விடாமல் தாக்குப் பிடித்துவிட்டோம். நாலரை மணி நெருங்கியது. அவர்கள் அடித்த பந்து ஒன்று நேரே என் நெஞ்சுக்கு வந்தது. இறுக்கிப் பிடித்தேன். கைதட்டல் கேட்டது. அந்த நேரம் பார்த்து தொழிற்சாலைச் சங்கு ஊதியது.

நான் பந்தைக் கீழே வைத்தேன்.

வைத்ததோடு விட்டேனா? க்ளவுசையும் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற மெஷினில் நிற்கிறவன் நான். நாலரைச் சங்கு கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட வேண்டும். பத்தொன்பது வயதிலிருந்து என் கைக்குத் தெரிந்த சட்டம் அதுதான். நான் மட்டுமா? எங்கள் பின்வரிசைக்காரர்கள் இரண்டு பேர் கழற்றி வைத்த சாரத்தை எடுத்து உடுத்தக் கோட்டுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் பழகுவதெல்லாம் வேலை முடிந்து, சங்குக்குப் பிறகுதான். முந்திய வருடங்களில் லீக் ஆட்டங்களை எல்லாம் டவுன் மைதானத்தில் வைத்தார்கள். சங்குக்கு முன்னால் எங்கள் கிரவுண்டில் நாங்கள் ஒருநாளும் பந்து தொட்டதே இல்லை. இதை ஒருத்தனும் யோசிக்கவில்லை.

போன் கடை வைத்திருக்கிற அவர்களுடைய போர்வர்ட் மெதுவாக நடந்து வந்து, காலால் ஒரு தட்டுத் தட்டினான். பந்து உருண்டு கோலுக்குள் போனது. போகிற போக்கில், "என்ன அண்ணே, வேல முடிஞ்சிச்சா?" என்று வேறு கேட்டான்.

நான் நடுவரிடம் ஓடினேன். சிங்களத்தில் கத்தினேன், தமிழில் கத்தினேன். மனுஷன் அசையவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலைத் தூக்கிக் காட்டி, "விசில் எக மெதன. சைரன் எக நெமெய்" என்றார். விசில் இங்கே என்னிடம் இருக்கிறது, சைரன் விசில் அல்ல என்கிறார். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

ஐயோ, அந்த வாரம்! தொழிற்சாலையில், கடையில், கோயிலில், எங்கே போனாலும் என்னைப் பார்த்ததும் சங்கு மாதிரி ஊதினார்கள். பிள்ளைகள் ஊதின. என் சொந்த மாமனார் ஊதினார். சிரித்தவர்களை விட்டுவிடலாம். கறுவாப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனார்களே, அவர்களைத்தான் தாங்க முடியவில்லை. கிரவுண்ட் போனால் அது என் கையால்தான் போகும் என்று எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். என் மனைவி கொழுந்து எடுக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். "படுத்தது போதும், எந்திரிங்க. சங்கு ஊதுனா பந்த வச்சீங்க. நாளைக்கு புள்ளையையும் கீழ வச்சிருவீங்களா?" என்று கேட்டாள்.

"புள்ளைய எவன் வைப்பான்?"

"அப்ப புள்ளையத் தூக்கிட்டே நின்னு பழகுங்க."

அடுத்த நாள் சொன்னபடியே செய்தாள். தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் தானே போய்ப் பேசினாள். அவரும் கிரவுண்ட் வேண்டும் என்கிற ஆள்தான். தினமும் நாலு இருபத்தைந்துக்கு நான் மெஷினை விட்டு வெளியே வர வேண்டும். வாசலில் மாமியார் எங்கள் மூன்று வயது மகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். சங்கு ஊதும். தோள் தளரும், விரல் தானாக விரியப் பார்க்கும். மகள் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். ஊதி முடியும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரித்தான் இருந்திருக்கும்.

இந்த வைத்தியம் மற்ற வீடுகளுக்கும் பரவியது. பின்வரிசைக்காரன் ஒருத்தன் தண்ணீர்க் குடத்தோடு நின்றான். இன்னொருத்தனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவன் கையில் சேவலைக் கொடுத்தார்கள். முதல் நாள் சங்குக்குச் சேவலை விட்டுவிட்டு, இருட்டும்வரை லயத்தைச் சுற்றித் துரத்தினான். மூன்றாவது வாரம் சேவல்தான் பயந்து கத்தியது, அவன் விடவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் விளையாடினோம் பாருங்கள்! வெளி மைதானங்களுக்குப் போனால் எவனாவது ஒருத்தன் த்ரீவீலர் ஸ்பீக்கரில் சங்குச் சத்தம் போடுவான். கதை மாவட்டம் முழுக்கப் போய்விட்டிருந்தது. போடட்டும். பந்து என் கையில் ஒட்டிக்கொண்டது. பஜார் அணியை அவர்கள் இடத்திலேயே போய் வென்றோம். எங்கள் ரப்பர்காரப் பையன் கோல் கோலாகப் போட்டான். அவனுக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிடும். சங்கு அவனை ஒருநாளும் கட்டிப் போட்டதில்லை. மழையில், சேற்றில், ஒருமுறை பாதிப் பேர் காய்ச்சலோடு, வென்றுகொண்டே வந்தோம்.

கடைசியில் பஜார் அணியும் நாங்களும் சமமான புள்ளியில் நின்றோம். மேலே ஏறுவது ஒரே அணிதான். இன்னொரு ஆட்டம் வைத்துத் தீர்க்கலாம், இடத்தை நாணயம் சுண்டித் தீர்மானிக்கலாம் என்றார்கள் லீக்காரர்கள். நாணயத்தில் பஜார் அணி ஜெயித்தது. டவுன் மைதானத்தைத்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். போன் கடைக்காரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "சங்கு இரிக்கிற கிரவுண்ட்லயே வைங்க" என்றான். அவர்கள் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். அவனுக்கு ஏன் என்று தெரியாது.

அந்தச் சனிக்கிழமை தோட்டத்தில் ஒரு நாய்கூட லயத்தில் இருக்கவில்லை. பெரிய துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் அவர்கள் ஒன்று அடித்தார்கள்; என் தப்புதான், காலுக்குக் கீழே விட்டுவிட்டேன். இடைவேளை முடிந்ததும் எங்கள் பையன் ஒன்று அடித்தான். ஒன்றுக்கு ஒன்று. நேரம் ஓடியது. நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் பார்த்தால், பஜார் அணி மொத்தமும் என் பக்கம் ஏறி வந்து நிற்கிறது. அவர்களுடைய பின்வரிசைக்காரர்கள்கூட நடுக்கோட்டைத் தாண்டி வந்துவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே நின்ற அவர்களுடைய ஆள் ஒருத்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து விரலால் எண்ணிக்கொண்டிருந்தான். சங்குக்குக் காத்திருக்கிறார்கள்!

ஊதியது.

பந்து போன் கடைக்காரனின் காலில் இருந்தது. முழுப் பலத்தோடு அடித்தான். இடது பக்கம் பாய்ந்தேன், பந்து நெஞ்சில் வந்து விழுந்தது. சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. தோள் தளரப் பார்த்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். கோட்டுக்கு அப்பால், கொழுந்துச் சாக்கு தலையில் இருக்க, என் மனைவி தொண்டை கிழியக் கத்தினாள்: "வச்சிராதீங்க! புள்ள, புள்ள!"

எழுந்தேன். எங்கள் ஆட்கள் ஒருத்தனும் சங்குக்கு நிற்கவில்லை. சேவல்காரன் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். நடுக்கோட்டுக்கு அப்பால் எதிரணியின் கீப்பரைத் தவிர வேறு ஒருத்தனும் இல்லை. கையிலிருந்தே பந்தைத் தூக்கி உதைத்தேன். பதினான்கு வருடத்தில் அப்படி ஒரு உதை நான் உதைத்ததில்லை. ரப்பர்காரப் பையன் அதன் கீழே ஓடினான், ஒரு தடவை தொட்டான், கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய் உள்ளே போட்டான். சங்கு அப்போதுதான் ஓய்ந்தது.

கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை, "கொழுந்து வாடுது, வாங்கம்மா!" என்று தராசடியிலிருந்து கத்தினார். ஒரு பெண்ணும் அசையவில்லை. கடைசியில் அவரே தராசைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டுக்கு வந்துவிட்டார். மிச்ச நேரம் முழுக்க அவர்கள் அடித்தார்கள், நான் பிடித்தேன். முகத்தில் பட்டது, முழங்காலில் பட்டது, எங்கே பட்டால் என்ன! நடுவர் நீளமாக ஊதினார். நான் பந்தைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். அதே நடுவர்தான். கிட்ட வந்து, சிரித்துக்கொண்டு விசிலைத் தூக்கிக் காட்டினார். "மே விசில் எக" என்றார். இது விசில்தான் என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. போன் கடைக்காரன் வந்து தோளில் கை போட்டு, "அண்ணே, எங்க தப்புதான்" என்றான். நல்ல பிள்ளை.

அன்றைக்கு ஸ்கொட்லாந்துச் சொந்தக்காரர்கள் நாலு கோலில் தோற்றிருந்தார்கள். பாவம். அவர்களுக்காகவும் சேர்த்து வெடி கொளுத்தினோம்.

கடிதம் இரண்டு வாரத்தில் வந்தது. காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக் களத்தில் பெரிய துரை அதை நின்றுகொண்டே வாசித்தார், முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில். கிரவுண்ட் கிரவுண்டாகவே இருக்கும். கறுவாவை ஐந்தாம் நம்பர் மலைக்கு ஏற்ற வேண்டும். "யாரு போறீங்க?" என்று கேட்டார். அவர் வாய் மூடுவதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

நாள் முழுக்கத் தூக்கினோம், அணி மொத்தமும். நல்ல ஏற்றம். கோலுக்குப் பின்னால் கடைசிப் பெட்டியை நான் எடுத்தபோது அந்த இடத்தில் புல் வெளுத்துப் போயிருந்தது. பாதி மலை ஏறியிருப்பேன். கீழே நாலரைச் சங்கு ஊதியது. எல்லாரும் திரும்பி என் கையைத்தான் பார்த்தார்கள்.

பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு மேலே நடந்தேன்.