எலுமிச்சம்பழத்தின் மேல் இறங்குவது

எல்லைச் சண்டையில், பனிமலையில், குண்டுச் சத்தத்துக்கு நடுவே ஹெலிகாப்டர் இறக்கியவன் நான். கம்பெனிக் கூட்டங்களில் இதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே விமானக் கம்பெனியில் துணைத் தலைவர் ஆகிவிட்டேன் என்பாள் என் மனைவி. அதில் பொய் அதிகமில்லை.

சுற்றுலாப் பயணிகளுக்காகச் சின்னக்கானலில் ஹெலிகாப்டர் விடலாம் என்று அடம்பிடித்ததும் நான்தான். பிறந்த ஊர்ப் பாசம். மைதானம் தர எஸ்டேட் நிர்வாகம் ஒரே நிபந்தனை போட்டது. தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஜனங்கள் ஏறிப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். அவர்கள் மாட்டோம் என்றால் நான் கம்பெனி முதலாளி முகத்தில் முழிக்க முடியாது.

லயத்தில் என் அக்கா வைத்ததுதான் சட்டம். தேயிலைக் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவள். எஸ்டேட் டிராக்டருக்குச் செய்வதுபோலவே ஹெலிகாப்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். அதன் கால்களுக்கு முன்னால் காலுக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, "இப்ப எடு" என்றாள்.

எடுத்தேன். அது நேராக மேலே போனது. பழங்கள் காற்றில் உருண்டு தேயிலைக்குள் ஓடின.

இறங்கி வந்ததும், "நசுங்கலையே" என்றாள் அக்கா.

"இதுக்குச் சக்கரம் கிடையாதுக்கா."

"அப்ப பழத்துமேல கொண்டாந்து இறக்கு."

பகைவன்கூட என்னை இவ்வளவு படுத்தியதில்லை. நான் நெருங்க நெருங்கப் பழம் ஓடியது. புதுப் பழம் வைத்தார்கள், அதுவும் ஓடியது. கடைசியில் வேடிக்கை பார்த்த எஸ்டேட் மேனேஜரின் தொப்பியும் கூடவே ஓடியது. லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஏறத்தான் ஆளில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் கத்தினேன். "சண்டைக்குப் போனப்ப எந்தப் பழத்த நசுக்கிட்டுப் போனேன்? உசுரோட வரலையா?"

"நீ கிளம்புன ஜீப்புக்கு அடியில நாந்தாம்ல வச்சேன். நீ பாக்கல. நல்லா நசுங்குச்சு. அதான் வந்துருக்க."

இத்தனை வருஷமும் அதை என் கைத்திறமை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா மிச்சமிருந்த ஒரே பழத்தை எடுத்துக்கொண்டு ஏறினாள். அதை இருக்கையில் வைத்தாள். அதன்மேல் அழுத்தி உட்கார்ந்தாள்.

"நசுங்கிட்டு. போவோம்."

மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினோம். மைதானத்தில் லயமே வரிசையாக நின்றது, ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தோடு.