ஹொல்ஸ்டெப்ரோ சந்தையில் நீல ஜாடி

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில், பழைய பொருள் சந்தையில் ஒரு மேசை முன் நிற்கிறேன். கடைக்காரி வசந்தி யாழ்ப்பாணத்துக்காரி. அவள் மேசையில் நீல நிற இத்தாலிய ஜாடி ஒன்று. ஈரமண்ணில் அச்சுக் குத்திய வட்டங்களும் முக்கோணங்களும் மெருகுக்கு அடியில் மின்னுகின்றன. ஐம்பதுகளின் வேலைப்பாடு.

“மூடி இல்லை அக்கா. அதாலதான் ஒருத்தரும் வாங்கினமில்லை. என்ரை மனுசன் எறியச் சொல்லிப்போட்டார்.”

இதே வட்டங்களைச் சற்றுமுன் பார்த்தேனே! வாசலருகே ஒரு டேனிஷ் முதியவர் நீலக் கிண்ணமொன்றில் ஆணிகளைப் போட்டு வைத்திருந்தார். ஓடுகிறேன். அது கிண்ணமே அல்ல, தலைகீழாக வைத்த மூடி; கால் என்று நான் நினைத்தது அதன் குமிழ். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே ஆணிகளைக் கொட்டிவிட்டு, சும்மாவே தந்துவிடுகிறார்.

வசந்தி அதை என்னிடமிருந்து வாங்கி ஜாடியின் மேல் வைத்து மெல்லத் திருப்புகிறாள். கச்சிதமாக உட்காருகிறது.

“பொருந்தீட்டுது! அக்கா, பொருந்தீட்டுது!”

பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டுகிறார்கள். நான் பணப்பையைத் திறக்கிறேன். அவள் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள்.

“குறை நினைக்காதைங்கோ அக்கா. இனி இதை விக்கமாட்டன். இப்பவே கொண்டுபோய் எறியச் சொன்ன மனுசனுக்குக் காட்டப்போறன்.”

அவள் ஜாடியை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு காரை நோக்கிக் கிளம்புகிறாள். கூட்டத்தை விலக்கி வழிவிடச் சொல்லிக்கொண்டு நான் முன்னே நடக்கிறேன்.