ரீலுக்கு ஒவ்வாத நரம்பு

ஐயா, அல்லது அம்மா, இதைக் கையில் எடுத்திருக்கும் தாங்கள் யாராயினும் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். தூண்டில் நரம்பைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தகுதி என்று தாங்கள் கேட்கலாம். பள்ளியில் நான் படித்தது சொற்பம். மீதியைக் கிடைத்த தாள்களிலிருந்து நானே சேர்த்துக்கொண்டேன். ஆயினும் சிறிய மீனுக்கு எந்த நரம்பு ஆகும், எது ஆகாது என்பதை ஏரிக்கரையில் உட்கார்ந்து கண்டவள் நான். ஆகும் நரம்பைக் கழற்றிவிட்டு ஆகாத நரம்பை என் தந்தையார் மீண்டும் ஏன் கட்டினார் என்பதுதான் எனக்கு நெடுங்காலம் விளங்காமல் இருந்தது.

என் தந்தையார் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பிறர் வயலில் இறங்காமல் ஆலைக்குள் நுழைந்த முதல் ஆள் அவரே. அதனால் எங்கள் தெருவில் அவருக்குக் கம்பெனிக்காரர் என்றே பெயர். அப்பெயரைச் சட்டைப் பித்தானைப் போல அவர் கழுத்துவரை பூட்டி வைத்திருந்தார். அந்த ஆண்டு கோடையில் ஆலையின் கதவைச் சாத்தினார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆலைச் சங்கு ஊதுவது நின்றுபோயிற்று. நின்ற பிறகும் சங்கு ஊத வேண்டிய நேரம் வந்தால் என் தந்தையார் எழுந்து நிற்பார்; பிறகு எதற்கு எழுந்தோம் என்று தேடுபவரைப் போலக் கட்டில் கயிற்றை இழுத்துக் கட்டுவார், இறுகிய கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார், மீண்டும் உட்காருவார்.

அச்சமயம் என் அக்காவுக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையனின் தகப்பனாருக்குக் கொஞ்சம் நிலமும் சந்தையில் தானிய வியாபாரமும் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் கம்பெனி வேலையைக் கேட்டு மகிழ்ந்தார்கள். ஆனால் வாய் திறந்து சம்மதம் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பேச்சு முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை. ஒருவேளைச் சோறு உண்டுவிட்டால் சம்பந்தம் உறுதியாயிற்று என்று பொருள். அன்று அவர்கள் காபியோடு எழுந்துவிட்டார்கள். அவர்கள் போன பிறகுதான் ஆலை மூடியது. இந்தச் செய்தி பொதட்டூர்பேட்டைக்கு எட்டினால் என்ன ஆகும் என்பதை என் தாயாரும் தந்தையாரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். யாருக்கும் சொல்லி அனுப்புவதில்லை என்று முடிவாயிற்று.

வீட்டுக்குள் அவர் நடக்கும் நடையைத் தாங்க முடியாமல் ஒருநாள் என் தாயார் பரண்மேல் கிடந்த மீன்பிடி கோலை இறக்கிக் கொடுத்தார். இயந்திரம் பொருத்த வந்திருந்த வடநாட்டு என்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது அது. சுண்டுவிரல் பருமன், நுனி புல்லைப் போலத் துவளும். அடியில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரீல். கம்பி வளையத்தைத் திருப்பிவிட்டு வீசினால், ரீலின் விளிம்பிலிருந்து நரம்பு சுருள் சுருளாகக் கழன்று ஓட வேண்டும். ஆனால் நரம்புதான் இல்லை.

பொன்னேரிக் கடைத்தெருவில் வலையும் கயிறும் விற்கும் கடைக்குத் தந்தையார் என்னையும் அழைத்துச் சென்றார். கடைக்காரர் ரீலை வாங்கிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா மீனு புடிக்கப் போறே?" என்று கேட்டார்.

"எது வந்தாலும் புடிக்கிறதுதான்."

"எது வந்தாலும்னு ஒரு மீனு கடல்ல கூட கெடையாதுபா. இது ஜிலேபி, கெண்டைக்கு ஆவுற ரீலு. தலமுடி மாதிரி நரம்பு போடு. வெளிம்பு வரைக்கும் ரொப்பாத, கொஞ்சம் பள்ளம் உட்டு சுத்து."

தந்தையார் அந்த மெல்லிய நரம்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், இருப்பதே தெரியவில்லை. சங்கிலியும் கம்பிவடமும் பார்த்துப் பழகிய கண் அவருடையது. பாரத்தைவிடக் கயிறு பலமாக இருக்க வேண்டும் என்பது ஆலையின் பாடம். ஆகவே கடையில் இருந்தவற்றுள் தடித்த நரம்பையே கேட்டார்; அதை விளிம்பு வரை நிரப்பவும் செய்தார்.

எங்கள் ஊர் ஏரியில் முதல் வீச்சிலேயே அந்த நரம்பு ரீலை விட்டு எகிறிக் குதித்துத் தலையணைப் பஞ்சு போலக் கரையில் குவிந்தது. சிக்கெடுத்து மீண்டும் வீசினால் தூண்டில் முள் எங்கள் காலடியிலேயே விழுந்தது. விழுந்தாலும், விறைப்பான நரம்பின் நுனியில் புழு குச்சியில் குத்தியதுபோல நின்றது. மீன்கள் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பின. வேடிக்கை பார்க்க வந்த என் தாய்மாமன் நரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, இது மீனு புடிக்கவா, எரும கட்டவா?" என்றார்.

"மெல்லிசு போட்டு அறுந்து பூட்சின்னா உங்க அக்காவுக்கு நீ பதில் சொல்லு," என்றார் தந்தையார்.

"அறுந்தா நான் தண்ணில குதிச்சு மீன கடிச்சு எடுத்துக்கினு வரேன், போதுமா?" என்று சொல்லிச் சென்ற மாமன், மறுநாள் அதே கடையிலிருந்து மெல்லிய நரம்பை வாங்கி வந்து தாமே சுற்றினார். சுற்றுமுன் நரம்பைத் தண்ணீரில் ஊறவைத்தார். விளிம்புக்குக் கீழே பள்ளம் விட்டார். முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்கினார். அடுத்த வீச்சு பறவையைப் போலப் போயிற்று. தக்கை ஆடிற்று, அமிழ்ந்தது. ஜிலேபிக் கெண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளி மின்ன வந்தன. என் தந்தையார் முதல் மீனை ஆலை இடுக்கியால் கம்பியை இழுப்பதுபோல இழுத்து அறுத்துவிட்டார். பிறகு கோல் வளையும் அளவுக்கு மட்டும் இழுக்கக் கற்றுக்கொண்டார். அன்று மாலை பானை நிறைந்தது. கேழ்வரகுக் கூழே மூன்று வேளையும் என்றிருந்த நாட்கள் அவை. பானையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் ஓடினேன்.

தெருக்குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், நிலபுலன் உள்ள வீட்டு அம்மாள். பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா கம்பெனிக்காரரே, கம்பெனி சோறு போடலன்னு ஏரி சோறு போடுதா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏரி சோறு போடுவது எனக்கு நல்ல வேடிக்கையாகவே பட்டது. தந்தையார் சிரிக்கவில்லை. அன்று இரவு அவர் மீன் உண்ணவில்லை.

மறுநாள் காலையில் பார்க்கிறேன், மெல்லிய நரம்பை ரீலிலிருந்து கழற்றி ஒரு குச்சியில் சுற்றி எறிந்திருந்தார். ரீலில் பழைய தடித்த நரம்பு. ஏரிக்குப் போகையில் சலவைக்குப் போட்டு வந்த வெள்ளைச் சட்டையை அணிந்துகொண்டார். அன்று மாலை வெறும் பானையோடு, நிமிர்ந்த தலையோடு, குழாயடி வழியாகவே திரும்பினார். அன்று முதல் ஒவ்வொரு நாளும் அப்படியே. எனக்குப் பைத்தியம் பிடித்ததுபோல இருந்தது. கரையில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. எழுவேன், கல்லை உதைப்பேன், தக்கையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பேன். கண்ணெதிரே மீன்கள் துள்ளின. குச்சியில் சுற்றிய மெல்லிய நரம்பைப் பொறுக்கி, அவர் மனம் மாறும் என்று தினமும் பையில் போட்டு எடுத்துச் சென்றேன். மாறவில்லை. "புள்ளைங்க தட்டு காலியா கீது, இவருக்கு நரம்பு பேஜாரு," என்று என் தாயார் அடுப்பிடம் சொல்வார்.

இப்படியிருக்கையில் ஒரு பிற்பகல், ஏரிக்கரைமேல் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் வருவது தெரிந்தது. பொதட்டூர்பேட்டைப் பையனின் தகப்பனார். சொல்லாமல் பஸ் ஏறி வந்து, எங்கள் வீட்டில் விசாரித்துக்கொண்டு, நேரே ஏரிக்கே வந்துவிட்டார். தந்தையார் எழுந்த வேகத்தில் கோல் நழுவியது.

"உக்காருங்க, உக்காருங்க. ஏதாவது கெடச்சுதா?" என்றார் வந்தவர்.

"கெடச்சா இன்னா, கெடைக்கலன்னா இன்னா. சும்மா ஒரு பொழுதுபோக்குதாங்க. கம்பெனில சூளை ரிப்பேரு, லீவு உட்டுக்கிறாங்க."

வந்தவர் தலையசைத்தார். அத்தோடு அப்பேச்சு முடிந்திருக்கும். ஆனால் மீனைப் பற்றி ஒருவர் அக்கறையோடு கேட்டபோது என்னால் வாளாவிருக்க இயலவில்லை.

"மெல்லிசு நரம்பு போட்டா கெடைக்கும். பையிலதான் கீது."

"நீ சும்மா இரு," என்றார் தந்தையார்.

"கொழந்த சொல்லட்டும். அப்புறம் ஏன் கண்ணு போடல?"

"அன்னிக்குப் போட்டோம். பான நெறைய கெடச்சுது. நைனா மறுநாளே கழட்டிட்டாரு."

"ஏன் கழட்டினாரு?"

"தெரில. கொழாயாண்ட ஒரு அம்மா, கம்பெனி சோறு போடலன்னு ஏரி சோறு போடுதான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் கழட்டிட்டாரு."

பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்கு முழு விடையும் சொன்னவளைப் போல நிமிர்ந்து நின்றேன். என் தந்தையார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. வந்தவர் மெதுவாகக் குனிந்து தடித்த நரம்பைப் பிடித்துத் தூக்கினார். முள்ளில் புழு இல்லை. புழுவை மீன் தின்றிருக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் அன்று நாங்கள் புழு தோண்டவே இல்லை என்பது எனக்கு நினைவு வந்தது.

அவர் குடையை மடக்கிக் கரையில் குத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈர மண்ணில் குந்தினார்.

"பையில கீற நரம்ப எடு கண்ணு. உங்க நைனாவுக்குப் பொழுதுபோக்கு போதும். எனக்குப் பசிக்குது."

தந்தையார் ரீலை எடுத்துத் தடித்த நரம்பை உருவிப் போட்டார்; மெல்லியதைப் பள்ளம் விட்டுச் சுற்றினார்; முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்கினார். நான் புழு தோண்டினேன். வந்தவருக்கு வீசத் தெரியவில்லை. முதல் வீச்சு அவர் குடைமேலேயே விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த தந்தையாருக்குக் கை துறுதுறுத்தது. "வெரல எடுங்க... இப்ப இல்ல, இப்ப இல்ல... ஆங், இப்ப உடுங்க," என்று கூடவே எழுந்து கூடவே உட்கார்ந்தார். ஆனால் கோலை மட்டும் வந்தவர் ஒருமுறைகூடக் கைமாற்றவில்லை. எல்லா மீனையும் அவரே இழுத்தார். நான் கேட்டும் தரவில்லை.

திரும்பும்போது பானையையும் அவரே தூக்கிக்கொண்டார். குழாயடியில் அதே அம்மாள் எட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் வாய் திறக்குமுன் வந்தவர் உரக்கச் சொன்னார்:

"நான் புடிச்ச மீனுமா. இவரு நாளெல்லாம் குந்திக்கினு ஒண்ணுகூட புடிக்கல. கம்பெனிக்காரங்களுக்கு இதெல்லாம் எங்க வரும்?"

சங்கு நின்ற பிறகு முதன்முறையாக என் தந்தையார் சிரித்தார். எனக்கோ கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கோல் எங்களுடையது, நரம்பு எங்களுடையது, அதைப் பையில் சுமந்தவள் நான். யாரோ ஒருவர் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போகிறார், அதைக் கேட்டுத் தந்தையார் சிரிக்கிறாரே!

வீட்டில் குழம்பு கொதித்தது. இலை போடலாமா கூடாதா என்று தெரியாமல் என் தாயார் கரண்டியோடு நின்றார். வந்தவர் கையைக் கழுவிக்கொண்டு தாமே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"எல போடுமா. கை நனைச்சுட்டுத்தான் பஸ் ஏறணும். சம்மந்தி, நீங்களும் வந்து உக்காருங்க."

கதவுக்குப் பின்னால் அக்காவின் வளையல் ஒலித்தது. என் தாயார் பெரிய மீனாகப் பார்த்து அவர் இலையில் வைத்தார். அதன்மேல் நான் கண் வைத்திருந்தேன். "அவரு ஏன் நம்ம மீன துன்றாரு?" என்று உரக்கவே கேட்டுவிட்டேன். யாரும் என்னை அதட்டவில்லை. அதுவே எனக்கு வியப்பாக இருந்தது.

ஆலைக் கதவு அதற்குப் பின்னும் நெடுநாள் திறக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் ரீலில் மெல்லிய நரம்பே இருந்தது. தந்தையார் அதைக் கழற்றவில்லை. மாலையில் நிறைந்த பானையோடு குழாயடி வழியாகவே வந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன முடிவாயிற்று, யார் யாரைக் காப்பாற்றினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வீசவே தெரியாத ஒருவர் எங்கள் பெரிய மீனைத் தின்றுவிட்டுப் போனார் என்பது ஒன்றுதான் தெரியும்.

இதைப் படித்து முடித்த தாங்கள், எறிந்துவிடாமல் ஓரிடத்தில் வைத்துக் காக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.