மேல்மண்

சந்தேகம் என் கூடப் பிறந்தது. சிட்லபாக்கத்தில் வீடு கட்டியபோது சிமென்ட் மூட்டை மேலேயே உட்கார்ந்து டீ குடித்தவன் நான்.

என் மனைவிக்குச் சீதனமாக வந்த அரை ஏக்கர், சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு அங்கே வரிசையாகத் தொழிற்சாலைகள் எழும்ப, இடத்தை மேடாக்கச் சவுட்டு மண் தேவைப்பட்டது. எங்கள் பக்கத்து நிலத்தை ஒரு கான்ட்ராக்டர் கிணறு போலத் தோண்டி லாரியில் ஏற்றினார். அடுத்த மழையில் எங்கள் நிலத்தில் பாதி உள்வாங்கிவிட்டது. நான் சத்தம் போட்டதும், ரொப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கே நெல் பயிரிட்டு வந்தவர் ஓர் அக்கா. கணவர் இல்லை, அந்த விளைச்சல்தான் அவர் வீட்டு வருஷச் சோறு. ரொப்புவதற்கு முதல் லாரி வந்த அன்று என்னிடம் ஓடிவந்தார்.

"சார், மேல்மண்ண வழிச்சி ஓரமா குமிக்கச் சொல்லு. அடியில இன்னா வேணா கொட்டிக்கட்டும். அப்பால மேல்மண்ண மேல பரப்பணும்."

கான்ட்ராக்டரும் உடனே தலையாட்டினார். இரண்டு பேரும் ஒத்துப் போகிறார்களே! ஓரமாகக் குவித்த மண், நான் ரயில் ஏறியதும் லாரி ஏறிவிடும், அக்காவும் அதற்கு உடந்தை என்று முடிவுகட்டினேன்.

"ஒரு கூடை மண்கூட நகரக் கூடாது. அது மேலயே கொட்டி, ரோலர் விட்டு நல்லா கெட்டியாக்குங்க" என்றேன். எங்கள் பேட்டையில் மனை ரொப்பினால் அப்படித்தான். அவசரமாக ரொப்பிக் கட்டிய வீடுகளில் சுவர் பிளந்ததைப் பார்த்தவன்.

"வேணாம் சார், ஏர் எறங்காது" என்று அக்கா கெஞ்சினார். அவர் கெஞ்சக் கெஞ்ச என் சந்தேகம் பலப்பட்டது. மூன்று நாள் லீவு போட்டு, குடையும் கையுமாக ரோலர் பின்னாலேயே நடந்தேன்.

அடுத்த மழைக்கு நிலம் ஓர் அங்குலம் இறங்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. நாற்று விடும் பருவத்தில் அக்கா மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். அது துள்ளித் திரும்பியது. டிராக்டர் கீறிய இடத்தில் செங்கல் துண்டும் ஜல்லியும் வந்தன. நல்ல மண் அதற்கெல்லாம் அடியில் நசுங்கிக் கிடந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

"வூடு கட்டறதுக்கு நல்லா கீது சார்" என்றார் அக்கா, கோபமே இல்லாமல்.

மனை கேட்கிறாரோ என்றுதான் அப்போதும் என் புத்தி போனது. அவர் கேட்டது வேறு.

"இங்க வந்துகீற கம்பெனில உனுக்குத் தெரிஞ்சவங்க யார்னா கீறாங்களா சார்? கேன்டீன்ல பாத்திரம் கழுவுற வேலன்னாலும் பரவால்ல."